ங்கோங் மலைமுகட்டில் முதல் நடை: நைரோபிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மழை பெய்து வெளுத்த காலையில் நைரோபியின் உயரமான கட்டடம் எதிலாவது நின்று தென்மேற்கே பாருங்கள். மடக்கிய கையின் விரல் முட்டிகளைப் போல நான்கு மேடுகள் வரிசையாகத் தெரியும். அதுதான் ங்கோங் மலை. (தமிழில் ‘ங’வில் தொடங்கும் சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே ஒரு மலையும் அதன் அடிவார ஊரும் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன.) கிளிமஞ்சாரோ தடுக்கி விழுந்த ஒரு ராட்சதனின் கை மண்ணில் பதிந்து இந்த முட்டிகள் உண்டானதாக ஒரு கதை சொல்வார்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் "இதென்ன, ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. போய்வந்த பிறகு இரண்டு நாள் அலுவலக மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். மலையின் உச்சி 2,460 மீட்டர். நைரோபியே 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இது பெரிய ஏற்றமாகத் தெரியாது. ஆனால் இங்கே நீங்கள் ஏறப்போவது ஒரு மலை இல்லை. நகரத்திலிருந்து நான்காகத் தெரிவது, மேலே போனால் ஏழாகிவிடும். நடக்கிறவர்கள் "ஏழு குன்று" என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஏறி, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். புதிதாக வருகிறவர்களைப் படுத்துவது உயரம் இல்லை, இறக்கமும் காற்றும்தான். இனி சொல்லும் ஏற்பாடுகளில் பாதி இந்த இரண்டுக்காகத்தான்.

முதலில் மூச்சைப் பழக்குங்கள்

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்து இறங்கிய முதல் வாரத்தில் மலைக்குப் போகாதீர்கள். கடல் மட்டத்தில் பழகிய உடம்புக்கு 1,700 மீட்டரில் மூன்று மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். இரண்டு மூன்று வாரம் போனால் தானாகச் சரியாகிவிடும்.

அதுவரை கால் பழக நல்ல இடம் நகருக்குள்ளேயே இருக்கிறது: கரூரா காடு. ஏறக்குறைய 1,000 ஹெக்டேர். அருவி, குகைகள், மூங்கில் புதர்கள், நன்றாகக் குறியிட்ட பாதைகள். 1990களின் கடைசியில் இந்தக் காட்டைக் கட்டடம் கட்டுகிறவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கப் பார்த்தார்கள். சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய் மரக்கன்றுகளோடு போய் நின்றார். 1999 ஜனவரியில் அங்கே அடியும் வாங்கினார். 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளோடு அங்கே சைக்கிள் விடுகிறவர்களைப் பார்க்கும்போது, இது கைவிட்டுப் போயிருக்க வேண்டிய காடு என்பதே நினைவுக்கு வராது. இங்கே 10 கிலோமீட்டர் நடந்துவிட்டு மறுநாள் சாதாரணமாக வேலைக்குப் போக முடிகிறதா பாருங்கள். முடிந்தால் ங்கோங்குக்குத் தயார்.

மாதமும் மணியும்

பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் கோடை, குளிர் என்ற கணக்கு அவ்வளவாகச் செல்லாது, மழைக் கணக்குதான். மார்ச் கடைசியிலிருந்து மே வரை நீண்ட மழை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை குறுகிய மழை. ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும். மலையேற அதுதான் முதல் தரமான காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, ஆனால் மேகம் மூடிக் குளிரும். ஜூலையில் மலை மேல் நின்றால் ஆப்பிரிக்காவில் இருக்கிறோம் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

மழைக்காலத்தில் போகவே கூடாது என்பதில்லை. ஆனால் முந்தின இரவு நல்ல மழை என்றால் விட்டுவிடுங்கள். முகட்டுப் பாதை பல இடங்களில் வெறும் மண். நனைந்தால் இறக்கத்தில் சோப்பு தேய்த்த தரை மாதிரி ஆகிவிடும்.

ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஆறரைக்கு ஒட்டி உதித்து, மாலை ஆறரைக்கு ஒட்டி மறையும். மறைந்தபின் அந்தி நேரம் மிகக் குறைவு; பொசுக்கென்று இருட்டிவிடும். எட்டு மணிக்குள் மலையில் கால் வையுங்கள், பிற்பகல் இரண்டுக்குள் கீழே வந்துவிடுங்கள்.

மணி என்றதும் ஒரு எச்சரிக்கை. சுவாஹிலியில் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். ‘சா மோஜா’ என்றால் சொல்லுக்குச் சொல் ஒரு மணி; பொருள் காலை ஏழு மணி. ‘சா ம்பிலி’ என்றால் எட்டு. ஆறு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் நாழிகைக் கணக்கும் உதயத்திலிருந்துதானே, யோசித்தால் அந்நியம் இல்லை. ஆனால் எனக்கு அது தெரியாத காலத்தில், மலைக்குக் கூட்டிப்போக வந்தவர் "சா மோஜா" என்று சொல்லிவிட்டுப் போக, மதியம் ஒரு மணிக்கென்று நினைத்துக்கொண்டு ஏழு மணிக்குப் போர்வைக்குள் இருந்தேன். அவர் கீழே நின்று பத்துத் தடவை அழைத்திருக்கிறார். இப்போதெல்லாம் நேரம் பேசினால் ஆங்கிலத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்கிறேன்.

யாரோடு போவது

தனியாகப் போகாதீர்கள். இதில் பேரம் இல்லை. இந்த மலைமுகட்டில் வழிப்பறி நடந்த காலம் உண்டு. அதனால்தான் கென்ய வனத்துறையின் துப்பாக்கி ஏந்திய காவலர்கள் நடைக்காரர்களோடு துணைக்கு வரும் வழக்கம் உண்டாயிற்று. வாயிலில் கேட்டால், தனிக் கட்டணத்துக்கு ஒரு காவலர் வருவார். இரண்டு மூன்று பேர்தான் என்றால் கட்டாயம் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் துணை மட்டுமல்ல, வழிகாட்டியும்கூட. எந்தச் சரிவில் போன வாரம் மண் சரிந்தது, எங்கே எருமை இறங்குகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு வழி, சனி ஞாயிறுகளில் போகும் நடைக்குழுக்களோடு சேர்வது. நைரோபி இளைஞர்களிடம் இப்போது இது பெரிய பழக்கம். அலுவலகத்தில் விசாரித்தால் யாராவது ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள். புதியவருக்கு இதுதான் நல்லது என்பது என் எண்ணம். வண்டி, காவலர், திரும்பும் ஏற்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு குறை: முன்னால் போகிறவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். நீங்கள் கடைசி ஆளோடு நடங்கள். ‘போலே போலே’ என்றால் மெதுவாக, மெதுவாக. அதைச் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பையில் என்ன

ஞெகிழி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கென்யாவில் 2017 ஆகஸ்ட் 28 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. அபராதம் 40 லட்சம் ஷில்லிங் வரை போகலாம். 2020 ஜூன் 5 முதல் தேசியப் பூங்காக்கள், காடுகள் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குள், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் எதையும் கொண்டுபோகக் கூடாது. கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். ஆகவே ஊரிலிருந்து கொண்டுவந்த சில்வர் பாட்டிலை எடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர். மலை மேல் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். கூட வாழைப்பழம், கொஞ்சம் கடலைமிட்டாய். சமைக்க நேரமில்லையா, ங்கோங் ஊரில் காலையிலேயே மண்டாசியும் அவித்த முட்டையும் சப்பாத்தியும் கிடைக்கும். மண்டாசி என்பது நம் போண்டாவின் இனிப்பான ஒன்றுவிட்ட சகோதரன்.

உடுப்பில் ஒன்று முக்கியம்: காற்றுத் தடுக்கும் மேல்சட்டை. கம்பளி ஸ்வெட்டர் மட்டும் போதாது. காற்று அதன் கண்ணிகளில் புகுந்துவிடும். மலை மேல் நகரத்தைவிட நான்கைந்து டிகிரி குறைவு. காற்றோடு சேர்ந்தால் பத்து டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். காதை மூடும் தொப்பி அல்லது ஒரு மப்ளர் வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்கு மப்ளர் கட்டிப் போகிறவர்களைக் கேலி செய்த நான், இங்கே அதைக் கட்டிக்கொண்டுதான் நடக்கிறேன்.

குளிருகிறதே என்று வெயிலை மறந்துவிடாதீர்கள். பூமத்திய ரேகை வெயில், அதுவும் இந்த உயரத்தில், மேகத்துக்குள்ளிருந்தே சுடும். நமக்கெல்லாம் எதற்கு என்று நினைக்காமல் மூக்கிலும் பிடரியிலும் வெயில்காப்புக் களிம்பு தடவுங்கள்.

காலுக்குப் பிடிப்பான அடி உள்ள ஷூ போதும். விலை உயர்ந்த பூட்ஸ் தேவையில்லை. ஆனால் அரை அளவு பெரிதாக இருக்கட்டும். இறக்கத்தில் பாதம் முன்னால் தள்ளிப்போய்க் கட்டைவிரல் நகம் ஷூவில் இடிக்கும். கறுத்துப்போன நகம் ஆறு மாதம் நினைவூட்டும். முதல் நாள் நகத்தை வெட்டிவிடுங்கள். முழங்கால் பலவீனமானவர்கள் ஒரு ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளட்டும்.

போய்ச் சேர்வது

நைரோபி நகர நடுவிலிருந்து 111-ஆம் எண் மட்டாட்டு ங்கோங் ஊர் வரை போகும். மட்டாட்டு என்பது இங்குள்ள தனியார் வேன். பாட்டும் படமும் விளக்குமாக ஓடும் சிறு திருவிழா. மழை பெய்தால் கட்டணம் ஏறும். நடத்துநரோடு சண்டை போட்டுப் பயனில்லை. இறங்க வேண்டிய இடத்தில் "நாஷுகா" என்று குரல் கொடுங்கள்.

ங்கோங் ஊரிலிருந்து மலை வாயில் வரை மோட்டார் சைக்கிள் கிடைக்கும். அதற்கு இங்கே பெயர் ‘போடா போடா’. ஆமாம், அப்படியேதான். நடுத்தெருவில் நின்று "போடா போடா" என்று ஒரு தமிழன் கூப்பிடும்போது வரும் கூச்சம் முதல் வாரம் மட்டும்தான். கென்யா உகாண்டா எல்லையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஆள் ஏற்றிய சைக்கிள்களுக்கு, எல்லை என்பதன் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தலைக்கவசம் கேட்டு வாங்குங்கள். ஏறும் முன் கட்டணம் பேசுங்கள்.

வாடகைக் கார் வைத்துப் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். கைபேசி வரைபடத்தில் ‘ங்கோங் காடு’ என்று தேடினால், நகருக்குள்ளேயே குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேறொரு காட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். மலை அங்கே இல்லை. அங்கிருந்து இன்னும் ஊர் தாண்டி மேற்கே போக வேண்டும். ‘ங்கோங் ஹில்ஸ்’ என்று முழுதாகத் தேடுங்கள்.

வாயில் கட்டணத்தை அரசின் இ-சிட்டிசன் இணையதளம் வழியாகக் கட்டச் சொல்வார்கள். கைபேசியில் எம்-பெசா (கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் சேவை) இருந்தால் ஒரு நிமிட வேலை. கென்யாவுக்கு வந்ததும் பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கி எம்-பெசாவைப் பதிந்துகொள்ளுங்கள். மலைக்கு மட்டுமில்லை, முட்டை வாங்கவும் அதுதான். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். இங்கேயே வசிக்கிறவர் என்றால் அதற்கான அடையாள அட்டையை மறக்காதீர்கள். தொகை நிறையவே குறையும்.

முகட்டின் மேல்

வாயிலைத் தாண்டியதும் முதலில் எதிர்ப்படுவது காற்றாலைகள். 1993-இல் பெல்ஜியம் கொடுத்த இரண்டு காற்றாலைகளோடு தொடங்கிய இடம், இப்போது 25.5 மெகாவாட் நிலையம். காற்றாலைகள் ஏன் இங்கே வைக்கப்பட்டன என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து தெற்கே, கோனா பாரிடி என்ற இடம் வரை முகட்டோடு நடப்பதுதான் முழு நடை. 10 முதல் 12 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் ஐந்து மணி நேரம். இடது பக்கம் நைரோபி, தகரக் கூரைகள், தூரத்தில் கட்டடங்கள். வலது பக்கம் பூமி பொசுக்கென்று முடிந்துபோகும். அதுதான் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கு. இந்த மலையே ஒரு பழைய எரிமலையின் மிச்சம். அதன் மேற்குப் பாதி பிளவோடு சரிந்து கீழே போய்விட்டது, நீங்கள் நிற்பது எஞ்சிய விளிம்பு. வடமேற்கே சுஸ்வா, லொங்கொனோட் என்ற எரிமலைகள் தெரியும். மிகத் தெளிவான காலையில், கொடுப்பினை இருந்தால், ஒரு பக்கம் கென்ய மலையும் மறுபக்கம் கிளிமஞ்சாரோவும் தெரியும். எனக்குக் கிளிமஞ்சாரோ ஒரே ஒருமுறை கிடைத்தது, அதுவும் பத்து நிமிடம்.

இந்த மலையைக் குடைந்துதான் நைரோபியிலிருந்து சுஸ்வா பக்கம் போகும் புதிய ரயில் பாதைக்கு 4.5 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டினார்கள், 2019-இல் திறந்தது. நீங்கள் மேலே மூச்சு வாங்க ஏறும் மலையை ரயில் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது.

நடக்கும் முறை பற்றி: முதல் குன்றில் வேகம் காட்டாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு அதுதான். உச்சிகளில் பெரியதான லம்வியா தெற்குப் பக்கம் இருக்கிறது. அதாவது கால் களைத்த பிறகுதான் வரும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். இறக்கத்தில் நேர்கோட்டில் ஓடாமல் குறுக்கும் நெடுக்குமாக, முழங்காலைச் சற்று மடக்கி, சிறு சிறு அடியாக வையுங்கள். ஒரு குன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தாழ்வுகளில் காற்று குறையும்; உட்கார்ந்து சாப்பிட அதுதான் இடம், உச்சி இல்லை. உச்சியில் டப்பாவைத் திறந்தால் புளியோதரை பள்ளத்தாக்குக்குப் போய்விடும்.

வழியில் ஆடுமாடு மேய்க்கும் மாசாய்ப் பையன்கள் வருவார்கள். இது அவர்கள் மேய்ச்சல் நிலம், நாம் வழிப்போக்கர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "ஹாபா தூ" என்பார்கள், ‘இதோ இங்கேதான்’ என்று பொருள். மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழுக்கி விழுந்தால், பத்தடி தள்ளி நின்றவர்கூட "போலே" என்று வருத்தம் சொல்வார். தவறு அவருடையது இல்லை, ஆனாலும் சொல்வார். "அசாந்தே" என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

மாட்டுத் தடங்களை நம்பி மேற்குச் சரிவில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். நன்றாக மிதிபட்ட பாதை மாதிரி தொடங்கி, முள்ளிலும் காஞ்சொறிப் புதரிலும் கொண்டுபோய் விடும். மேகம் மூடினால் நின்றுவிடுங்கள். பத்து இருபது நிமிடத்தில் பெரும்பாலும் கலைந்துவிடும். இடி கேட்டால் உச்சியில் நிற்காமல் உடனே தாழ்வுக்கு வந்துவிடுங்கள். அவசர உதவிக்கு 999 அல்லது 112.

இன்னொன்று: எந்தக் குன்றில் வேண்டுமானாலும் திரும்பிவிடலாம். நான்காவதில் திரும்பினால் அது தோல்வி ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பும்போதும் அதே குன்றுகள் எதிரே வரும் என்பதைக் கணக்கில் வைத்துத் திரும்புங்கள்.

கோனா பாரிடியில் இறங்கிய பின்

பெயருக்கு ‘குளிர் முனை’ என்று பொருள். மகாதி சாலையில் இருக்கும் சின்ன இடம். வாடகைக் கார் இங்கே அழைத்தால் சுலபத்தில் வராது. காலையில் கொண்டுவந்து விட்டவரிடமே திரும்ப வரச் சொல்லி வைப்பது நல்லது. இல்லையென்றால் கிசேரியன் பக்கம் போகும் மட்டாட்டுவில் ஏறி, அங்கே மாறி நைரோபி வரலாம். இந்தச் சாலை நெடுக ஞாமா சோமா, அதாவது சுட்ட இறைச்சி, புகைந்துகொண்டே இருக்கும். சைவர்களுக்குச் சுட்ட சோளம் உண்டு, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவி. மெரினாவில் தின்றதுக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

அடுத்தது எது

ஒரு மாதம் கழித்து லொங்கொனோட்டுக்குப் போங்கள். நைரோபியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 2,776 மீட்டர் எரிமலை. வாயிலிலிருந்து விளிம்பு வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். விளிம்பைச் சுற்றி வர இன்னொரு ஏழு கிலோமீட்டர். ங்கோங்கில் காற்று என்றால் அங்கே புழுதி: நுண்ணிய எரிமலை மண், முட்டிவரை ஏறும். மூக்கை மூட ஒரு துண்டு வேண்டும். கேமராவைத் துணியில் சுற்றி வையுங்கள்.

தீக்கா நகரைத் தாண்டி இருக்கும் கிளிமாம்போகோவும் நல்ல மலைதான், 2,145 மீட்டர். ஆனால் பெயரே ‘எருமை மலை’. காட்டெருமை உண்மையாகவே இருக்கிறது, நம் ஊர் எருமை மாதிரி சாதுவும் இல்லை. அங்கே காவலர் இல்லாமல் வண்டியிலிருந்து இறங்கி நடக்காதீர்கள். காவலர் கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கு அருகிலிருக்கும் ‘பதினான்கு அருவிகள்’ என்ற இடத்தைப் பார்த்துவிட்டு, டப்பாவில் இருப்பதைத் தின்றுவிட்டு வீடு திரும்பலாம்.